இரு கண் ஆழப் பார்வைச் சோதனை: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கண் மருத்துவமனை

கீழக்கரைப் பக்கம் உள்ள கண் மருத்துவமனை ஒன்றில் என் அக்கா மகளுக்கும் எனக்கும் ஆழப் பார்வையை, அதாவது எது முன்னே, எது பின்னே என்று இரு கண்களாலும் சேர்ந்து உணரும் திறனை, சோதித்தார்கள். பொறுமையாகச் செய்தார்கள் என்பதை முதலில் பாராட்ட வேண்டும். இரு கண்களுக்கும் வெவ்வேறு படத்தைக் காட்டும் போலராய்டு கண்ணாடியை மாட்டி, ஈயின் படமும் வட்டங்களும் கொண்ட டிட்மஸ் என்ற சோதனைப் புத்தகத்தை 40 செ.மீ. தொலைவில் பிடித்து, "ஈயோட இறக்கையைப் பிடிம்மா" என்றார் சோதித்தவர். பாப்பாவின் விரல்கள் தாளைத் தொடாமல் அதற்கு மேலே காற்றில் குவிந்தன.

ஈ மிகச் சுலபம். உண்மையான அளவீடு, எது மேலெழுந்து தெரிகிறது என்று சொல்ல வேண்டிய வட்டங்களில்தான் இருக்கிறது: அவை 800 வில்விநாடியில் தொடங்கி 40 வரை இறங்குகின்றன, ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு; எண் குறையக் குறைய ஆழப் பார்வை நுட்பமானது. அவள் கடைசி வட்டம் வரை சரியாகச் சொன்னாள், நான் 100-இல் நின்றேன்.

இங்கேதான் என் குறை. 40-க்கும் நுட்பமாகப் பார்க்கக்கூடியவர்கள் பலர் உண்டு; அவர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை இந்தப் புத்தகம் காட்டாது. மேலும், தொடக்க வட்டங்களில் விடையான வட்டம் ஒரு கண்ணுக்கே சற்று விலகித் தெரிவதால், ஆழப் பார்வையே இல்லாதவரும் ஊகித்துவிடலாம். சிதறல் புள்ளிகளைக் கொண்ட, சிவப்பு பச்சைக் கண்ணாடியுடன் பார்க்கும் டி.என்.ஓ. சோதனையில் அந்த ஊகத்துக்கு இடமில்லை, அளவும் 15 வில்விநாடி வரை செல்கிறது. அதை நாங்கள் கேட்ட பிறகே எடுத்தார்கள். மாறுகண் உள்ள பிள்ளைகளுக்காவது கேட்காமலே செய்ய வேண்டும்.

மங்கலான பார்வை முடிவைக் கெடுக்கும் என்பதால், அருகில் உள்ளதைப் பார்க்க, படிக்க அணியும் கண்ணாடியை மறக்காமல் கொண்டுசெல்லுங்கள். அதன் மேலேயே போலராய்டை மாட்டிவிடுகிறார்கள்.