மங்கிய முன்விளக்குகளும் ஹட்டனில் ஒரு சிறிய கராஜும்

நானுஓயாவில் பனி இறங்கிவிட்டால் என்னுடைய 2014ஆம் ஆண்டு வேகன் ஆர் காரை வீதியின் வெள்ளைக்கோட்டைத் தேடித் தேடித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. பல்ப் மாற்றியும் வெளிச்சம் கூடவில்லை. முன்விளக்கின் மூடியே மஞ்சளித்து, மேல்விளிம்பில் சொரசொரத்துக் கிடந்தது. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிவிட்டது. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த விளக்கு ஒன்றுக்கே 40,000 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள்.

முதலில் வேறொரு இடத்தில் மெஷினால் பொலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கண்ணாடி போலப் பளபளத்த விளக்குகள் ஐந்தே மாதத்தில் முன்னைவிட மோசமாக மஞ்சளித்தன. காரணம் பிறகுதான் விளங்கியது. இந்த மூடிகள் பொலிகாபனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதற்குப் புறஊதாக் கதிர் ஆகாது என்பதால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு காப்புப்பூச்சு பூசித்தான் அனுப்புகிறார்கள். மங்குவது பெரும்பாலும் அந்தப் பூச்சு வெந்து உரிவதாலும் அதன் கீழுள்ள மேற்பரப்பு கெடுவதாலும்தான். எஞ்சியிருக்கும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைப் பூசாமல் விட்டால், வெற்றுப் பிளாஸ்டிக்கை வெயிலில் காயப்போடுவதற்குச் சமம். உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிரின் வலிமையும் கூடுவதால், குளிர்ந்த ஊர்தானே என்று மலைநாட்டில் இருப்பவர்கள் அலட்சியமாக இருக்க முடியாது. தேயிலைத் தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவற்றின் விளக்குகள் நிஜக் கண்ணாடி, உடைந்தால்தான் உண்டு.

சென்ற பெப்ரவரியில் ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் வழியிலுள்ள ஒரு சிறிய டிங்கரிங் கராஜுக்குப் போனேன். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 7,500 ரூபாய் என்றார் கராஜின் பாஸ். விளக்கைச் சுற்றிப் பெயின்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டி, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, 800ஆம் இலக்க வாட்டர் பேப்பரை, அதாவது ஈர உப்புத்தாளை, நனைத்துத் தேய்க்கத் தொடங்கினார். மஞ்சள் கலந்த மோர் போல வழிந்த தண்ணீர் வெள்ளையாக மாறும்வரை அடுத்த தாளைத் தொடவில்லை. அதைவிட நைசான 1200ஐக் குறுக்காகவும் 2000ஐ மறுபடி நெடுக்காகவும் தேய்த்ததற்குக் காரணம் கேட்டேன். முந்தைய தாளின் கீறல் மிச்சமிருந்தால் அப்போதுதான் கண்ணுக்குப் படும் என்றார். அந்தக் கட்டத்தில் விளக்கு முழுவதும் பால்போல வெளுத்துவிட, பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பயமாகிவிட்டது. இடையில் உதவிக்கு நின்ற பையன் பெயின்ட் தின்னர் நனைத்த துணியோடு வர, பாஸ் அவனை ஒரு சத்தம் போட்டார். தின்னர் பட்டால் பொலிகாபனேட்டில் மயிரிழை வெடிப்புகள் விழும்.

அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். பிற்பகல் மூன்று மணிக்குக் கிளியர் என்னும் நிறமற்ற காப்புப்பூச்சை அடிக்கும் நேரத்தில் அவர் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தார். “ஐயா, பனி எறங்கிருச்சு. இந்த ஈரத்துல அடிச்சா பூச்சு வெளுத்துப்போகும். காலையில வெயில் வந்ததும் வாங்க” என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் விடுமுறை கூடுதலாகப் போனதில் எனக்கு எரிச்சல்தான். மறுநாள் ஸ்பிரிட்டால் துடைத்து, புறஊதாக் காப்புள்ள கிளியரை மெல்லிய பூச்சாக இரண்டு தடவை அடித்தார். முதல் பூச்சிலேயே 2000ஆம் தாளின் கீறல்கள் மறைந்து உள்ளிருக்கும் பல்ப் தெளிவாகத் தெரிந்தது.

குறை இல்லாமலில்லை. கராஜுக்குக் கதவு இல்லாததால் வலது விளக்கின் பூச்சில் இரண்டு தூசிகள் ஒட்டிக் காய்ந்துவிட்டன. கையால் தடவினால் தெரியும். பற்றுச்சீட்டும் கேட்ட பிறகுதான் கிடைத்தது. இப்போது ஆறு மாதமாகிறது, நடுவில் தென்மேல் பருவமழையும் பெய்தது, மஞ்சள் திரும்பவில்லை. மழை இரவுகளில் மட்டும் இடது விளக்கின் உட்பக்கம் வியர்க்கிறது. அது வெளியே தேய்த்துப் போகிற வேலையில்லை, விளக்கைப் பிரித்துத் திரும்ப ஒட்ட வேண்டும் என்று பாஸ் காசு வாங்குவதற்கு முன்பே சொல்லியிருந்தார். அந்த வேலையையும் அவரிடமே கொடுப்பதாக இருக்கிறேன், கொஞ்சம் வெயில் வரட்டும்.