ஃபிட்ஸ் நின்னுச்சு, கோபம் நிக்கல: குழந்தைங்க கவுன்சிலிங் போயிட்டு வந்த ரிவ்யூ

கிளினிக் பேரு போடல, குறையும் சொல்லப் போறேன்ல, அதான்.

பையனுக்கு 9 வயசு, ஃபிட்ஸுக்கு மாத்திரை போடுறான். எங்க பழைய நியூரோ டாக்டர் போறப்பல்லாம் கேக்குறது ஒரே கேள்விதான், "ஃபிட்ஸ் வந்துச்சா?" இல்லன்னா அதே மாத்திரைய எழுதி அனுப்பிடுவாரு. வீட்ல ஜாமெட்ரி பாக்ஸ் பறக்குறது, தங்கச்சி கைய கடிச்சு வெச்சது, அரை மணி நேரம் கழிச்சு அவனே வந்து மடியில படுத்துக்கிட்டு "நான் ஏம்மா இப்படி பண்றேன்"னு அழறது, இதெல்லாம் எந்த ஃபைல்லயும் ஏறல. செல்லம் கொடுத்து கெடுத்துட்டீங்கன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, பாதி நானும் நம்பிட்டேன்.

அப்புறம்தான் வலிப்பு இருக்குற குழந்தைங்களுக்குன்னே தனியா சைக்காலஜிஸ்ட் வெச்சிருக்குற இந்த இடத்துக்கு போனோம், 6 சிட்டிங் ஆச்சு. முதல் நாள் பையன்கிட்ட எதுவுமே கேக்கல, 25 கேள்வி இருக்குற ஃபார்ம் எனக்கு ஒண்ணு, கிளாஸ் டீச்சருக்கு ஒண்ணு. அடுத்த தடவை அந்தம்மா காலண்டர எடுத்து வெச்சுக்கிட்டு "மாத்திரை மாத்துனது எப்ப, கோபம் ஆரம்பிச்சது எப்ப"ன்னு கேட்டு ரெண்டு தேதியையும் வட்டம் போட்டாங்க. நடுவுல மூணு வாரம்கூட இல்ல! புதுசா மாத்துனது லெவெடிராசெட்டம்னு ஒரு மாத்திரை, சில குழந்தைங்களுக்கு அதுல எரிச்சல், மூர்க்கம் எல்லாம் வருமாம். ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு விட்டா ஃபிட்ஸ் விடாம வரலாம்னு கண்டிப்பா சொல்லி டாக்டருக்கு லெட்டர் எழுதுனாங்க, அவர் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு வேற மாத்திரைக்கு மாத்துனாரு.

பாதி கோபம் அதோட போச்சு. மீதி பயம். ஒருநாள் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் விழுந்ததுல இருந்து மறுபடி அங்க வந்துருமோன்னு இவனுக்கு பயம், அதனாலதான் காலையில ஸ்கூல் பேக பாத்தாலே சண்டை. எனக்கு இது சத்தியமா தெரியாது.

டீச்சர் ஃபார்ம்ல "கவனிக்கிறதில்ல"ன்னு வரிசையா டிக். உடனே ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காத, துறுதுறுன்னு இருக்குற பிரச்சனைன்னு முத்திரை குத்தல, சில நொடி வெறிச்சு பாக்குற ஃபிட்ஸா இருக்கலாம், மாத்திரை மயக்கமா இருக்கலாம்னு மூளையோட மின் அலைய பதிவு பண்ற இஇஜி டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, அப்ப வேகமா மூச்சு விட வைக்க கையில காத்தாடிய கொடுத்து மூணு நிமிஷம் ஊதச் சொன்னாங்க, அது மட்டும் அவனுக்கு ஜாலி. இஇஜில ஒண்ணும் வரல.

இங்கிலாந்துல ஐல் ஆஃப் வைட் தீவுல எடுத்த சர்வே ஒண்ணு 1970லயே வந்திருக்காம். மத்த குழந்தைங்கள்ல 100க்கு 7 பேருக்கு மனசு, நடத்தை சம்பந்தமான பிரச்சனைன்னா, வலிப்பு மட்டும் இருக்குறவங்கள்ல 29 பேருக்கு கிட்ட, மூளையில வேற பாதிப்பும் சேர்ந்தா பாதிக்கும் மேல. அம்பது வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம், எங்கிட்ட ஒருத்தரும் வாய தொறக்கல.

சரி, குறை. வெயிட்டிங்ல ஒன்றரை மணி நேரம், குழந்தைங்க விளையாட ஒரு பொருள் கிடையாது. ஆன்லைன் சிட்டிங் சுத்த வேஸ்ட், கேமராவ ஃபேன் பக்கம் திருப்பி வெச்சுட்டு ஓடிட்டான். ஸ்கூலுக்கு தர வேண்டிய லெட்டருக்கு நாலு தடவை ஃபோன் பண்ணி ஒரு மாசம் கழிச்சு வந்துச்சு.

இப்பவும் கத்துறான்தான். போன வாரம் கதவ படார்னு சாத்திட்டு உள்ள இருந்தே "கோபமா இருக்கேன், அப்புறம் பேசுறேன்"னான். 4 ஸ்டார். லெட்டர் நேரத்துக்கு வந்திருந்தா 5 போட்ருப்பேன்.