பழைய கேம்பர் ஏசிக்கு "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று சொன்னால் உடனே நம்பாதீங்க

780 டாலர் போச்சு. கையில் இருப்பது "சர்வீஸ்" என்று மட்டும் எழுதிய ஒரு ரசீது. இதே வகை ஏசி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று கடைசியில் சில யோசனைகளும் எழுதுகிறேன்.

எங்களிடம் 1987 டொயோட்டா டால்பின் கேம்பர் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) இருக்கிறது. கூரை மேல் பழைய 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர வெயிலில் அது இல்லாமல் உள்ளே உட்காரவே முடியாது. போன வாரம் ஃபேன் மட்டும் ஓடியது. கம்ப்ரஸர் உறுமிவிட்டு டக்கென்று அடங்கிவிட்டது. வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்பும் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன்.

வந்தவன் கூரையில் கீறல் விழக்கூடாதென்று கம்பளி விரித்துக்கொண்டு ஏறினான். தன் தாத்தாவிடமும் இதே வண்டி இருந்ததாம். அங்கேதான் நம்பிக்கை வந்தது. மேலிருந்து கேஜை (கேஸ் அழுத்தம் பார்க்கும் மீட்டர்) தூக்கிக் காட்டி, "பாருங்க, முள் சைபர்ல நிக்குது, கேஸே இல்ல" என்றான். எதிலும் மாட்டாத கேஜும் சைபர்தான் காட்டும்! இந்த ஏசியைக் குளிர வைக்கும் ஆர்-22 என்ற கேஸைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 2020லிருந்து அமெரிக்காவில் தடை, அதனால்தான் இந்த விலை என்றான். தடை உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் மீதிப் பொய்யை விற்றான். "கேஸ் ஏத்திட்டேன், செட்டில் ஆகணும், நாளைக்குப் போடுங்க" என்று சொல்லி, 780 டாலரை ஆப்புக்கு வெளியே வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் அதே உறுமல், அதே டக். போன் செய்தால் "உங்க வீட்டு வோல்டேஜ் கம்மி". அடுத்த முறை "பழைய மிஷினுக்கு கேரன்டி கிடையாது". அப்புறம் எடுக்கவே இல்லை. ஆப்காரர்களோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை என்று கைகழுவிவிட்டார்கள். அவன் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள் மட்டும் இன்னும் குறையவில்லை.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் மூடியைக் கழற்றினார். கம்ப்ரஸர் கிளம்பக் கரன்ட் உந்துதல் கொடுக்கும் கப்பாசிட்டர் பூரி மாதிரி உப்பியிருந்தது. எங்கள் ஏசியில் கேஸ் ஏற்ற வால்வே கிடையாது. கம்பெனியிலேயே அடைத்து மூடியது. ஏற்றுவதென்றால் செப்புக் குழாயைத் துளைத்து வால்வு வைக்க வேண்டும். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை! புது கப்பாசிட்டர் 20 டாலர்கூட ஆகவில்லை, ஏசி ஜில்லென்று ஓடுகிறது.

சரி, யோசனைகள். கம்ப்ரஸர் கிளம்பவே இல்லையென்றால் முதலில் கரன்ட், கப்பாசிட்டர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அது ஓடியும் குளிரவில்லை என்றால்தான் கேஸ் பேச்சு. கேஸைத் தொடுபவரிடம் இபிஏ 608 சான்றிதழ் (ஏசி கேஸைக் கையாள அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை விதிப்படி வேண்டியது) கேளுங்கள். கேஜை எங்கே மாட்டினார் என்று போட்டோ கேளுங்கள். கப்பாசிட்டரை நீங்களே தொடாதீர்கள், கரன்டை எடுத்த பிறகும் ஷாக் அடிக்கும். இன்னும் எழுத நினைத்தேன், வங்கியிலிருந்து போன் வருகிறது. 780 டாலர்ங்க!