ஏபிடி, ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ்: புதியவர் எதைத் தொடுவது?

லினக்ஸ் மின்ட்டின் மென்பொருள் மேலாளரைத் திறந்து, படங்களைத் திருத்த உதவும் 'ஜிம்ப்'பைத் தேடினால் அது இரண்டு வடிவங்களில் கிடைக்கும்: சிஸ்டம் பேக்கேஜ் (ஏபிடி வழியாக வருவது), ஃபிளாட்பேக். இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் ஆப் சென்டரில் தேடினால் ஸ்னாப் முந்திக்கொண்டு வந்து நிற்கும். ஜிம்ப்பின் சொந்தத் தளத்தில் ஆப்இமேஜும் உண்டு. நான்கும் இலவசம், நான்கும் கட்டற்ற மென்பொருள், திறந்தால் தெரியும் சாளரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு எதற்கு நான்கு?

எது சிறந்தது என்று கேட்டால் லினக்ஸ்காரர்களிடையே சண்டைதான் மிஞ்சும். புதியவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை நாளை புதுப்பிக்கப்போவது யார்? நிறுவுவது சில நிமிட வேலை. அதன்பின் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துசேர வேண்டும். அந்தப் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் இந்த நான்கு வழிகளும் பிரிகின்றன.

மூத்தது ஏபிடி. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் 1998-இல் பிறந்தது. உபுண்டு, மின்ட் இரண்டுக்கும் முதுகெலும்பு. இயங்குதளத்தை உருவாக்குபவர்களே மென்பொருள்களைத் தொகுத்துத் தங்கள் களஞ்சியத்தில் வைக்கிறார்கள். களஞ்சியத்தின் பட்டியல் கையொப்பமிடப்பட்டிருக்கும்; வழியில் யாராவது கோப்பை மாற்றியிருந்தால் ஏபிடி ஏற்காது. ஒரு மென்பொருளுக்குத் தேவையான லைப்ரரிகளை (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புகளை) அதுவே தேடி இழுத்துவந்துவிடும். அந்த லைப்ரரிகள் பொதுச்சொத்து. ஒன்றில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் ஓரிடத்தில் அடைத்தால் போதும், அதை நம்பியிருக்கும் எல்லா மென்பொருளும் பிழைத்துக்கொள்ளும். டிஸ்கில் இடமும் குறைவாகப் பிடிக்கும், திறக்கவும் வேகம்.

குறை என்றால் பழமை. உபுண்டு 24.04 வந்தது 2024 ஏப்ரலில். அதன் களஞ்சியத்தில் இருப்பது ஜிம்ப் 2.10. பல ஆண்டுகள் எதிர்பார்க்கப்பட்ட ஜிம்ப் 3.0 வெளியானது 2025 மார்ச்சில். 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22-இலும் இதே கதைதான். ஏபிடியை மட்டும் நம்பினால், அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்வரை 2.10-தான். வேண்டுமென்றே செய்யப்படும் ஏற்பாடு இது: பதிப்பு எண்ணை உறையவைத்துவிட்டு, திருத்தங்களை மட்டும் பின்னோக்கிக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். ஆகவே பழைய எண் என்றாலே ஆபத்து என்று பதற வேண்டியதில்லை. ஆனால் உபுண்டுவில் 'மெயின்' பகுதிக்குத்தான் ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களுக்குக் உபுண்டுவை உருவாக்கும் கனானிக்கல் நிறுவனம் பொறுப்பேற்கிறது. ஜிம்ப் உள்ளிட்ட பல்லாயிரம் மென்பொருள்கள் கிடக்கும் 'யூனிவர்ஸ்' தன்னார்வலர்களின் பொறுப்பு. அதற்கும் உத்தரவாதம் வேண்டுமென்றால் கனானிக்கலின் கூடுதல் பாதுகாப்புச் சேவையான உபுண்டு ப்ரோவில் பதிவு செய்ய வேண்டும். சொந்த உபயோகத்துக்கு ஐந்து கணினிகள் வரை அது இலவசம்தான், ஆனால் புதியவரிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஏபிடியில் புதியவரை மிரட்டும் காட்சி ஒன்று உண்டு. கணினியைத் திறந்ததும் எதையாவது நிறுவப் போனால், பூட்டைப் பெற முடியவில்லை, வேறொரு செயல்முறை அதை வைத்திருக்கிறது என்று கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினல் சாளரம் கைவிரிக்கும். பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும். சில நிமிடம் பொறுத்தால் பூட்டு தானாக விடுபடும். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையைப் பின்பற்றினால் பாதி நிறுவிய பேக்கேஜ்களோடு மல்லுக்கட்ட நேரிடும். இன்னொன்று, ஏபிடி எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று காட்டும் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் சொல்லக்கூடாது. 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் விளையாட்டுகளுக்கான ஸ்டீம் மென்பொருளை நிறுவப்போய் டெஸ்க்டாப்பே கழன்றுபோனது யூடியூப் காணொளி ஒன்றில் உலகத்துக்கே தெரிந்தது. அந்த எச்சரிக்கை திரையில் தெளிவாகத்தான் இருந்தது.

பழமைக்கு மருந்தாக முன்பெல்லாம் பிபிஏ என்ற தனியார் களஞ்சியங்களைச் சேர்ப்பார்கள். அதில் வரும் பேக்கேஜ் நிர்வாகி அதிகாரத்தோடு நிறுவப்படும் என்பதையும், நடத்துபவர் சலித்துப்போய் விட்டுவிட்டால் பதிப்பு மாறும்போது சிக்கல் வரும் என்பதையும் பார்த்தால், இன்று ஒரு புதியவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஃபிளாட்பேக் வேறு தர்க்கம். 2016-இல் இந்தப் பெயரைப் பெற்று, 2018-இல் 1.0-ஐ எட்டியது. மென்பொருள் உங்கள் இயங்குதளத்தின் லைப்ரரிகளைத் தொடாமல், 'ரன்டைம்' என்ற பொது அடித்தளத்தின்மேல் தனி அறையில் இயங்கும். அதனால் எந்த லினக்ஸிலும் ஒரே பதிப்பு. மின்ட் 22-இல் ஜிம்ப் 3 வேண்டுமென்றால் ஃபிளாட்பேக்குகளின் இணையக் கிடங்கான ஃபிளாட்ஹப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அடியில் இருக்கும் சிஸ்டத்துக்கு ஒரு கீறலும் விழாது. விலையைக் கொடுப்பது டிஸ்க். முதல் ஃபிளாட்பேக்கை நிறுவும்போது சிறிய மென்பொருளுக்குக் கூட நூற்றுக்கணக்கான மெகாபைட் இறங்குவதைப் பார்த்துப் பலர் பயந்து ரத்து செய்துவிடுகிறார்கள். அது ரன்டைம், அதே ரன்டைமை நம்பும் அடுத்த மென்பொருளுக்கு அது மீண்டும் இறங்காது.

இங்கே புதுப்பிக்கும் பொறுப்பு மென்பொருளைத் தொகுத்தவருக்கு. அவர் அசல் ஆசிரியரா, ஆர்வத்தில் தொகுத்த மூன்றாம் நபரா என்பதைப் பார்ப்பது முக்கியம். ஃபிளாட்ஹப் அசல் ஆசிரியர்களுக்குச் சரிபார்ப்புக் குறி தருகிறது. மின்ட் 22 ஒரு படி மேலே போய், சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை இயல்பாகவே மறைத்துவைக்கிறது. கொஞ்சம் கறார்தான், ஆனாலும் புதியவருக்கு அது நல்லது என்பேன்.

தனி அறை என்பதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். படத்திருத்தி போன்றவை பெரும்பாலும் எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அனுமதியோடுதான் வருகின்றன. மறுபுறம், அனுமதி குறைவாக உள்ள மென்பொருள் இரண்டாவது டிஸ்கில் இருக்கும் கோப்பைக் கண்டுகொள்ளாமல் போகும். நிரல் எழுதும் எடிட்டரின் டெர்மினலில் சிஸ்டத்தில் நிறுவிய கருவிகளே தென்படாது. ஃபிளாட்சீல் என்ற சிறு மென்பொருளில் அனுமதிகளைச் சொடுக்கிச் சரிசெய்யலாம். நிரலாளர்கள் எடிட்டரை ஏபிடி கையாளும் டெப் பேக்கேஜாக வைத்துக்கொள்வதே நிம்மதி.

ஸ்னாப் கனானிக்கல் உருவாக்கியது, உபுண்டு 16.04-இலிருந்து டெஸ்க்டாப்பில் இருக்கிறது. தொழில்நுட்பத்தில் குறைசொல்ல அதிகமில்லை. ஃபிளாட்பேக் டெஸ்க்டாப் மென்பொருளோடு நின்றுகொள்ள, ஸ்னாப் சர்வர் மென்பொருளையும் கட்டளைக் கருவிகளையும் சேர்த்துக் கையாளுகிறது. பிடிக்காத புதுப்பிப்பிலிருந்து முந்தைய பதிப்புக்குத் திரும்பவும் முடியும். சங்கடம் அதன் சுபாவத்தில். ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிப்புகளைத் தேடித் தானே நிறுவிக்கொள்ளும். மும்முரமாக வேலை செய்யும்போது ஃபயர்பாக்ஸை மூடித் திறக்கச் சொல்லி அறிவிப்பு எட்டிப்பார்க்கும். தள்ளிப்போட வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் கட்டளை தெரிந்திருக்க வேண்டும். உபுண்டு 22.04-இலிருந்து ஏபிடி வழியாக ஃபயர்பாக்ஸைக் கேட்டாலும் ஸ்னாப்தான் வந்து இறங்கும். கேட்டது ஒன்று, கிடைப்பது வேறு என்ற இந்த ஏற்பாட்டைத்தான் மின்ட் குழுவினர் குரோமியம் உலாவி விஷயத்தில் கண்டித்து, 2020-இல் வந்த மின்ட் 20 முதல் ஸ்னாப்பைத் தடுத்துவைத்தார்கள். ஸ்னாப் ஸ்டோரின் சர்வர் மென்பொருள் மூடிய மூலம், அதாவது அதன் நிரல் வெளியிடப்படவில்லை என்பதும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களுக்கு உறுத்தல். அந்த ஸ்டோரிலேயே 2018-இல் ஒரு விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்து பிடிபட்டது. ஆகவே கடைப் பலகையை மட்டும் நம்பிவிட முடியாது. இருந்தாலும் உபுண்டுவை அப்படியே பயன்படுத்தும் ஒருவர் ஸ்னாப்பைப் பிடுங்கி எறியப் புறப்படுவது வீண் வேலை. புதுப்பிப்பை மறந்துவிடும் சுபாவம் உள்ளவருக்கு ஸ்னாப்பின் பிடிவாதம் உண்மையில் உதவிதான்.

ஆப்இமேஜைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு மென்பொருள், ஒரு கோப்பு. இறக்கி, இயக்கும் அனுமதி கொடுத்து, இருமுறை சொடுக்கினால் ஓடும். உபுண்டு 22.04 முதல் பல ஆப்இமேஜ்கள் திறக்க மறுக்கும். அவற்றுக்குத் தேவையான ஃபியூஸ் 2 லைப்ரரி இயல்பாக இல்லாததே காரணம். புதுப்பிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. ஒரு பதிப்பைச் சோதித்துப் பார்க்கவோ, பென் டிரைவில் கொண்டுபோகவோ நன்று. இணைய உலாவி போல நாள்தோறும் வெளியுலகத்தைத் தொடும் மென்பொருளை இப்படி வைத்துக்கொள்ள வேண்டாம்.

என் பரிந்துரை: கணினியின் பெரும்பகுதி ஏபிடியிலேயே இருக்கட்டும். புதிய பதிப்பு உண்மையிலேயே தேவைப்படும் இரண்டு மூன்று மென்பொருள்களுக்கு மட்டும் ஃபிளாட்பேக், அல்லது உபுண்டு என்றால் ஸ்னாப். ஒரே மென்பொருளை இரண்டு வழிகளில் நிறுவாதீர்கள். மெனுவில் ஒரே பெயரில் இரண்டு ஐகான்கள் வந்து, அமைப்புகள் வேறு வேறு இடங்களில் சேமிக்கப்பட்டு, எது எதில் என்று தெரியாமல் போகும்.

நீக்கும்போதும் இந்த வேறுபாடு வெளிப்படும். ஏபிடி மென்பொருளை நீக்கினாலும் ஹோம் கோப்புறையில் உங்கள் அமைப்புகள் தங்கிவிடும். அனாதையான லைப்ரரிகளுக்கு 'ஆட்டோரிமூவ்' என்ற கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஃபிளாட்பேக்கில் பயன்படாத ரன்டைம்களை அவ்வப்போது துடைத்தால் ஜிகாபைட் கணக்கில் இடம் திரும்பும். ஸ்னாப் நீக்கும்போது உங்கள் தரவை ஒரு நகல் எடுத்து 31 நாள் வைத்திருக்கும். அவசரத்தில் நீக்கியவருக்கு அது கைகொடுக்கும். ஆப்இமேஜுக்குக் கோப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டால் போதும், அதன் அமைப்புகள் மட்டும் ஹோம் கோப்புறையில் எங்காவது கிடக்கும்.