ரெண்டு டீமும் கோல் அடிக்குமா? காசு கட்டாம பல சீசனா ஆடிப் பாத்த அனுபவம்

முதல்லயே சொல்லிர்றேன், இது எந்த பெட்டிங் ஆப்புக்கும் ரிவ்யூ இல்ல, லிங்க் கேட்டு யாரும் இன்பாக்ஸ் பக்கம் வராதீங்க. ஃபுட்பால்ல பிடிடிஎஸ்னு ஒண்ணு இருக்குல்ல, ரெண்டு டீமும் ஆளுக்கு ஒரு கோலாவது அடிக்குமா, யெஸ்ஸா நோவா, கேள்வி அவ்ளோதான், எவன் ஜெயிச்சா என்ன எவன் தோத்தா என்ன. அத நாங்க ஒரு செட்டா சேந்து மதுரைல பல சீசனா ஆடிக்கிட்டு இருக்கோம், பைசா கட்டாம. அண்ணா நகர்ல நம்ம பங்காளி ஒருத்தன் மொபைல் கடை வச்சிருக்கான், சனிக்கிழம சாயங்காலம் கடைசி டெம்பர் கிளாஸ ஒட்டி அனுப்பிட்டு ஷட்டர பாதி எறக்குனா அப்புறம் மேட்ச்தான். நோட்டுல எல்லாரோட கணிப்பும் எழுதிருவோம், அந்த வாரம் கணக்குல கடைசியா நிக்கிறவன் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கித் தரணும். பந்தயம் மொத்தமே இதான்.

ஏன் இத புடிச்சோம்னா, மொதல்ல எல்லாரும் மாதிரி யாரு ஜெயிப்பான்னுதான் எழுதிட்டு இருந்தோம், அது ஒரு மாசத்துல சண்டையாயிருச்சு. மான்செஸ்டர் யுனைடெட்காரன் வாராவாரம் யுனைடெட்டுன்னுதான் எழுதுவான், லிவர்பூல்காரன் அத அழிச்சுவிடுவான், அதுல கணிப்பு எங்க இருக்கு? பிடிடிஎஸ்ல அந்தப் பாசத்துக்கு வேலை இல்ல. நீ எந்த டீம் ஃபேனா இருந்தாலும் எதிர்த்த டீம் ஒரு கோல் அடிக்குமா அடிக்காதான்னு நெஞ்சத் தொட்டு சொல்லியாகணும்.

இன்னொண்ணு, மேட்ச் செத்தே போகாது. 2014 வேர்ல்ட் கப் செமி ஃபைனல், பிரேசிலோட சொந்த மண்ணுல ஜெர்மனி 7-0ன்னு ஏறி மிதிச்சிருச்சு, உலகமே டிவிய ஆஃப் பண்ணிட்டு தூங்கப் போற நேரம், 90ஆவது நிமிஷம் பிரேசில் ப்ளேயர் ஆஸ்கார் ஒண்ண உள்ள போட்டாரு. 7-1. பிரேசிலுக்கு அது ஆறுதல் கூட கிடையாது, ஆனா பிடிடிஎஸ் யெஸ்னு எழுதுனவனுக்கு அந்த ஒரு கோல்தான் மொத்த மேட்சும். இந்த மாதிரி உசுரக் கையில புடிச்சுட்டு பாக்க வைக்கிற விஷயத்துல இதுக்கு நான் ஃபுல் மார்க் குடுப்பேன். 2022 ஃபைனலும் அப்பிடித்தான், அர்ஜென்டினா 2-0, ஃப்ரான்ஸ் 79 நிமிஷம் வரைக்கும் ஆளையே காணோம், அப்புறம் எம்பாப்பே 80ல பெனால்டி, 81ல இன்னொண்ணு. நோ எழுதுன பயலுக பருத்திப்பால் கடைக்கு கெளம்புற நேரத்துல கவுந்தாய்ங்க.

சரி இப்ப விஷயத்துக்கு வர்றேன். புதுசா வர்றவய்ங்க எல்லாரும் ஒரே எடத்துலதான் வழுக்குவாய்ங்க, கோல் நெறையா விழுகுற மேட்ச்னா பிடிடிஎஸ் யெஸ்னு கண்ண மூடி எழுதிருவாய்ங்க. ரெண்டும் வேற வேறப்பா. 2023 மார்ச்ல லிவர்பூல் யுனைடெட்ட 7-0ன்னு அடிச்சது, ஏழு கோல், ஆனா நோ. 2022 ஆகஸ்ட்ல அதே லிவர்பூல் போர்ன்மவுத்த 9-0, அதுவும் நோ. எங்க கடைல எல்லாருக்கும் உறைக்கிற மாதிரி ஒரு உதாரணம் சொல்லணும்னா 2023-24 சீசன் நியூகாசில எடுத்துக்கங்க. ஷெஃபீல்ட் யுனைடெட் ஊருக்குப் போயி 8-0ன்னு அடிச்சாய்ங்க. அதே நியூகாசில், சொந்த கிரவுண்டுல லூட்டன் கூட 4-4. ரெண்டு மேட்ச்லயும் எட்டு எட்டு கோல். ஷெஃபீல்டும் லூட்டனும் அந்த வருசம் ரெண்டுமே கடைசி எடங்கள்ல முடிச்சு கீழ் லீகுக்கு எறங்குன டீமு, ரெண்டுமே வாங்கிக் கட்டிக்கிட்ட டீமு, ஷெஃபீல்ட் 104 கோல் வாங்குச்சு, லூட்டன் 85. வித்தியாசம் அடிச்சதுல இருக்கு. ஷெஃபீல்ட் 38 மேட்ச்ல 35 கோல்தான் அடிச்சது, லூட்டன் 52. லூட்டன் தோப்பாய்ங்க, ஆனா ஒண்ண போட்டுட்டுத்தான் தோப்பாய்ங்க. அந்த சீசன்ல லூட்டன் மேட்ச்னா எங்க நோட்டுல யெஸ்ஸா குவியும்.

அதனால பாக்க வேண்டியது பெரிய டீம இல்ல, சின்ன டீம. பெரிய டீம் எப்பிடியும் அடிச்சிரும், நோஞ்சான் டீம் அடிக்குமாங்கிறதுலதான் ஆன்சரே இருக்கு. எங்க செட்டுல மேத்ஸ் டியூஷன் எடுக்குற தம்பி ஒருத்தன் இருக்கான், அவன்தான் இத கணக்காவே போட்டுக் காட்டுனான், பாய்சான்னு ஒரு ஃபார்முலாவாம். ரெண்டு டீமும் சராசரியா ஆளுக்கு ஒன்றரை கோல் அடிக்கிற மேட்ச்னு வச்சுக்கங்க, மொத்தம் 3 கோல், ரெண்டும் கோல் அடிக்க சான்ஸ் 60 பர்சென்ட் வருது. அதே 3 கோல, ஒரு டீம் 2.4, இன்னொரு டீம் 0.6ன்னு பிரிச்சா சான்ஸ் 41 பர்சென்ட்டுக்கு எறங்கிருது. மொத்தம் மாறவே இல்ல, பங்கு போட்டதுதான் மாறுச்சு. இத பாத்ததுக்கு அப்புறம் நாங்க டேபிள்ல மொத்த கோலப் பாக்குறத விட்டுட்டோம், ஒவ்வொரு டீமும் சொந்த கிரவுண்டுல எவ்ளோ வெளியூர்ல எவ்ளோன்னு தனித்தனியா பாக்குறோம். இந்த ஃபார்முலாவும் வேதவாக்கு இல்ல, ஒரு டீம் கோல் அடிச்சா அடுத்த டீம் ஆட்டத்தையே மாத்திரும், அது இந்தக் கணக்குக்குத் தெரியாது. ஆனா சும்மா வாய்க்கு வந்தத எழுதுறதுக்கு இது எவ்வளவோ தேவல.

வேற என்ன பாப்போம்னா, லைனப். மேட்சுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே வந்துரும், அதப் பாக்காம நான் எழுதவே மாட்டேன். சென்டர் ஃபார்வர்ட் பெஞ்ச்ல இருக்கானா, மெயின் கோல்கீப்பருக்கு ரெஸ்ட் குடுத்துட்டாய்ங்களா, இந்த ரெண்டும் போதும். அப்புறம் எக்ஸ்ஜி, அதாவது கெடச்ச சான்ஸுகளோட தரத்த வச்சு எத்தன கோல் வந்திருக்கணும்னு போடுற கணக்கு. மூணு மேட்சா கோலே அடிக்காத டீமுக்கு எக்ஸ்ஜி நல்லா இருந்தா நான் யெஸ் பக்கம் சாய்வேன். டெர்பின்னா, அதாவது ஒரே ஊரு டீமுக மோதுற மேட்ச்னா, கோல் மழைன்னு ஒரு நம்பிக்க சுத்துது, அத நான் நம்புறதில்ல, பல டெர்பில மொத அரை மணி நேரம் பந்த விட கால்தான் ஜாஸ்தி மிதிபடுது. சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட்ல ஆளுக்கு ஒரு ஊர்ல ரெண்டு மேட்ச் ஆடுவாய்ங்க, அதுல ரெண்டாவது லெக்கும் இப்ப பழைய மாதிரி இல்ல. முன்னாடி ரெண்டு மேட்ச் கோலும் கூட்டி சமமா வந்தா வெளியூர்ல அடிச்ச கோலுக்கு தனி மரியாத இருந்துச்சு, 2021ல ஐரோப்பா ஃபுட்பால நடத்துற யூஇஎஃப்ஏ அந்த ரூல தூக்கிருச்சு, பழைய ஆளுக இன்னமும் அத நெனச்சே எழுதுறாய்ங்க. அந்த மேட்செல்லாம் நம்ம ஊருக்கு ராத்திரி 12:30, குளிர்காலம் வந்தா 1:30, கடைல உக்கார முடியாது, வாட்ஸப்லதான் ஓடும், காலைல எந்திரிச்சுப் பாத்தா எவனாவது ஒருத்தன் தனியா 40 மெசேஜ் போட்டு பொலம்பி வச்சிருப்பான்.

லீக்னு பாத்தா பிரீமியர் லீக்தான் எங்களுக்கு வசதி, சனிக்கிழம மெயின் மேட்சுகள் 7:30க்கு, அக்டோபர் கடைசில அவய்ங்க கடியாரத்த மாத்துனதும் 8:30. கோலும் பஞ்சமில்ல, 2023-24ல 380 மேட்ச்ல 1246 கோல், 38 மேட்ச் சீசனா ஆனதுக்கப்புறம் அதான் ரெக்கார்டு. அதுக்கு அப்பிடியே எதிர் துருவம் 2004-05 செல்சி, மொரீனியோ கோச்சா வந்த மொத வருசம், சீசன் முழுக்க வாங்குனதே 15 கோல்தான், நாங்க அப்ப ஆடியிருந்தா செல்சி மேட்ச் பூரா நோ நோன்னு எழுதியே ஜெயிச்சிருப்போம். நம்ம நாட்டு லீக் ஐஎஸ்எல்லும் எழுதுவோம், அது கொஞ்சம் பாசத்துல. நம்ம சென்னையின் எஃப்சி டீம் கப்பு அடிச்ச ரெண்டு ஃபைனலும், 2015ல கோவா கூட, 2018ல பெங்களூரு கூட, ரெண்டுமே 3-2, ரெண்டுமே எதிராளி ஊர்ல. ரெண்டுமே யெஸ்.

ரூல்ல ஒரு எடம் இருக்கு, அத மொதல்லயே பேசி வச்சுக்கலன்னா கைகலப்புதான். கணக்கு 90 நிமிஷமும் இஞ்சுரி டைமும் மட்டும், எக்ஸ்ட்ரா டைம் சேராது, பெனால்டி ஷூட் அவுட் சேரவே சேராது. 2014ல ஜெர்மனி அல்ஜீரியா மேட்ச்ச கூகுள்ல போட்டா 2-1ன்னு காட்டும், யெஸ்னுதானே தோணும்? 90 நிமிஷம் முடியிறப்ப 0-0, மூணு கோலும் எக்ஸ்ட்ரா டைம்ல விழுந்தது, அதனால நோ. சேம் சைடு கோல் எந்த டீம் ஸ்கோர்ல ஏறுதோ அந்த டீமுக்கு. இத எழுதி ஒட்டி வச்சிருக்கோம், ரீசார்ஜ் ஆஃபர் போஸ்டருக்குப் பக்கத்துல.

இவ்ளோ படிச்சுட்டு, அப்ப இத வச்சு காசு பாக்கலாமேன்னு ஒரு ஆளுக்காவது தோணும். தோணாம இருக்காது, எங்களுக்கும் பேச்சு வந்துச்சு. அந்த டியூஷன் தம்பி அதையும் போட்டுக் காட்டுனான். உதாரணத்துக்கு யெஸ்ஸுக்கு 1.80, நோவுக்கு 1.95ன்னு ரேட் போட்டிருக்காய்ங்கன்னு வைங்க, அதாவது யெஸ்ல 100 கட்டி ஜெயிச்சா மொத்தம் 180 திரும்பும். 100 வகுத்தல் 1.80, அது 55.6. 100 வகுத்தல் 1.95, அது 51.3. கூட்டுனா 107 கிட்ட வருது. நடக்கப்போறது ரெண்டுல ஒண்ணு, மொத்தம் 100தானே இருக்கணும், அந்த மிச்ச ஏழுதான் அவன் பொழப்பு. மாட்டுத்தாவணி மார்க்கெட்ல கமிஷன் கடைக்காரன் தக்காளி வெல ஏறுனாலும் எறங்குனாலும் தன் பங்க எடுத்துட்டுத்தான் மூட்டையவே விடுவான்ல, அந்தக் கதைதான். நீ 55 பர்சென்ட் கரெக்டா சொல்ற கில்லாடியாவே இரு, ரேட் 1.75ன்னா 100 ரூவாக்கு சராசரியா 96 ரூவாதான் திரும்புது. இதுல நம்ம பயலுக நாலு மேட்ச ஒண்ணா கோத்து அக்குமுலேட்டர் போடுவாய்ங்க, 100க்கு 938 வருதாம்ல, ஆசதான். ஆனா நாலும் ஒண்ணா அமையிற சான்ஸ் 9 பர்சென்ட் சில்லற, சராசரி போட்டா 100க்கு 86தான் திரும்புது. மேட்ச் சேர சேர அவன் பங்கும் பெருகுது.

எங்க மாமா பையன் ஒருத்தன் இதெல்லாம் கேக்கல. ஏதோ வெளிநாட்டு ஆப்பு, பேரு வேணாம். தோத்தது கூட பெருசில்ல, ஜெயிச்சப்பதான் வில்லங்கம் வந்துச்சு. காசு யாரோ முன்னபின்ன தெரியாத ஆளோட அக்கவுண்ட்ல இருந்து யூபிஐல வந்து விழுந்துச்சு, கொஞ்ச நாள்ல இவன் சம்பள அக்கவுண்ட ஃப்ரீஸ் பண்ணிட்டாய்ங்க, வேற ஸ்டேட்ல யாரோ ஏமாந்து சைபர் கிரைம்ல குடுத்த கம்ப்ளைன்ட்ல அந்தப் பணமும் இருந்திருக்கு. பேங்குக்கும் ஸ்டேஷனுக்கும் அங்குட்டும் இங்குட்டும் அலஞ்சான், வீட்டு வாடகைக்கு அத்த கம்மல அடகு வச்சாங்க. யாருகிட்ட போயி நியாயம் கேப்ப? தமிழ்நாட்டுல ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரல்லயே வந்துருச்சு. அந்த நவம்பர்ல சென்னை ஹைகோர்ட் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு அத மட்டும் வெளிய எடுத்துச்சு, மேட்ச் பெட்டிங்குக்கு அந்த சலுக கிடையாது. 2025 ஆகஸ்ட்ல சென்ட்ரல் சட்டம் வந்து, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம் எல்லாத்துக்கும் தட. அப்புறமும் எவனாவது நம்ம ஆப்பு லீகல் ப்ரோன்னா சிரிச்சுட்டு கடந்து போங்க.

அதே மாதிரிதான் இந்த ஷ்யூர் டிப்ஸ் குரூப்புக. ஆயிரம் பேருல பாதிப் பேருக்கு யெஸ், பாதிப் பேருக்கு நோன்னு அனுப்புவான், ஜெயிச்ச ஐநூறு பேர மறுபடி ரெண்டா பிரிப்பான், நாலு தடவ பண்ணா கடைசில அறுபது பேரு இவன தெய்வம்னு கும்புடுவாய்ங்க. அந்த அறுபது பேருகிட்டதான் விஐபி குரூப்புக்கு காசு கேப்பான்.

இந்த சீசன்ல இருந்து நாங்க ஆட்டத்த கொஞ்சம் மாத்திருக்கோம், யாராவது செட்டு சேந்து ஆடுறதா இருந்தா நேரா இதுல இருந்தே ஆரம்பிங்க. யெஸ் நோ எழுதுறதில்ல, பர்சென்ட் எழுதுறோம். நீ 70ன்னு எழுதி யெஸ் ஆச்சுன்னா 0.3 தப்பு, அத ஸ்கொயர் பண்ணா 0.09. நோ ஆச்சுன்னா 0.7 ஸ்கொயர், 0.49. கம்மியா வாங்குறவன் கெட்டி, பிரையர் ஸ்கோர்னு இதுக்குப் பேரு. எல்லாத்துக்கும் சோம்பேறியா 50ன்னு எழுதுனா எப்பவும் 0.25, 90ன்னு எழுதி கவுந்தா 0.81. வந்த மொத வாரத்துலயே குட்டு ஒடஞ்சிருச்சு. வாய்ச்சவடால் விடுற அந்த யுனைடெட்காரன் எல்லாத்துக்கும் 90, 95ன்னு போட்டு அடில கெடக்கான், இது வரைக்கும் மேட்சே பாக்காம பில் போட்டுக்கிட்டே எல்லாத்துக்கும் 55ன்னு எழுதுன கடைக்காரப் பங்காளி ரெண்டாவது எடத்துல இருக்கான். மொத எடம் யாருன்னு கேக்காதீங்க, அந்த டியூஷன் தம்பிக்கு ஏற்கனவே தல கனம் ஜாஸ்தி.