இரவல் கொடுக்க எந்த ட்ரம்பெட் மவுத்பீஸ்?

ட்ரம்பெட்டில் உதடு வைத்து ஊதும், கழற்றக்கூடிய முனைதான் மவுத்பீஸ்; வாசிப்பவர்கள் முயன்று பார்க்க அதை இரவல் கொடுக்கப் பெட்டி சேர்ப்பவர்களுக்கு இது. முதலில், பாக் கம்பெனியின் 7சி அளவுக்கு இரவல் பெட்டியில் இடம் தர வேண்டாம். குறை அதனிடம் இல்லை. ஆரம்பநிலை ட்ரம்பெட் வாங்கினால் பெரும்பாலும் அதுவோ, யமஹாவானால் 11பி4-ஓ கூடவே வந்துவிடும். கையில் இருப்பதை யார் இரவல் கேட்பார்கள்?

வாங்க வேண்டியவை பாக்கின் 5சி, 3சி, 1½சி. எண் வாய் அகலத்தையும், எழுத்து கப்பின் (உட்குழிவின்) ஆழத்தையும் குறிக்கும். மூன்றும் 'சி' கப் என்பதால் வாசிப்பவர் ரிம் (உதடு படும் விளிம்பு) மாற்றத்தை மட்டும் கவனிக்கலாம். பாக் அட்டவணையில் உள்விட்டம் முறையே 16.25, 16.30, 17.00 மி.மீ. 7சி-க்கு 16.20. ஆனால் அதற்கு இணையாகச் சொல்லப்படும் யமஹா 11பி4-க்கு 16.46 என்று போட்டிருக்கும். அளக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. போதாக்குறைக்கு பாக்கில் எண் குறையக் குறைய வாய் அகலம், யமஹாவில் எண் கூடக் கூட அகலம். இதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். இரவல் தவணை இரண்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. எந்தப் புது மவுத்பீஸும் முதல் நாள் நன்றாகத்தான் பேசும். உதடு தளர்வதும் மேல்ஸ்தாயி சுருதி விலகுவதும் பிறகுதான் தெரியும்.

வார்பர்ட்டன் கம்பெனி மவுத்பீஸ், கப் ஒன்று, பேக்போர் (பின்பக்கக் குழல்) ஒன்று என இரண்டு துண்டாக வருவது. ஐந்து கப், நான்கு பேக்போர் இருந்தால் இருபது சேர்க்கை. நேரில் உட்கார்ந்து ஒப்பிட இதைவிட நல்லது இல்லை. வெளியே கொடுத்தால்தான் தொல்லை: மரை கோணலாக ஏறிக் கெடும், துண்டு மாறித் திரும்பும். கெல்லி கம்பெனியின் பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) மவுத்பீஸ் வெயிலில் வாசிக்கும் பேண்டுக்காரர்களுக்கு உகந்தது, வெள்ளி ஒத்துக்கொள்ளாத உதட்டுக்கும் சரி. தொனியில் வெண்கலக் கணீர் கொஞ்சம் குறைவு. நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் படக்கூடாது, விரிசல் விடும்.

திரும்பி வந்ததும் ஷாங்க் (ட்ரம்பெட்டுக்குள் செருகும் தண்டு) நுனியைப் பாருங்கள். கீழே விழுந்தால் முதலில் நசுங்குவது அதுதான்; வட்டம் கெட்டால் ரிசீவரில் (ட்ரம்பெட்டில் அது நுழையும் வாய்) சரியாக உட்காராது. ட்ரூயிங் கருவியை (வட்டம் நிமிர்த்தும் கூம்புக் கம்பி) செருகி, தோல் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினால் நிமிரும். ரிம்மைப் பஞ்சால் தடவுங்கள், நூல் சிக்கும் இடத்தில் வெட்டு இருக்கிறது. முலாம் போய்ப் பித்தளை தெரிந்தால் எடுத்து ஒதுக்குங்கள். சிலருக்கு உதடு அரிக்கும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் மவுத்பீஸ் பிரஷ் விட்டுக் கழுவி, உலோகத்தை மட்டும் 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்தபின் பெட்டியில் வையுங்கள். பிளீச் பட்டால் வெள்ளி கறுக்கும்.

ட்ரம்பெட் போன்ற கார்னெட் கருவிக்கான மவுத்பீஸின் ஷாங்க் மெலிது. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் தனி நிறப் பையில் போடுங்கள்.

இறுகிய மவுத்பீஸை இழுத்தெடுக்கும் மவுத்பீஸ் புல்லர் ஒன்றும் சேர்த்தே வாங்குங்கள். 'டொப்' என்று சத்தம் வரட்டும் என உள்ளங்கையால் தட்டுவதில்தான் பாதி மவுத்பீஸ் இறுகுகிறது. குறடு போட்டுத் திருகினால் லீட்பைப்பே (மவுத்பீஸை அடுத்த குழாய்) முறுக்கிக்கொள்ளும்.