250 ஜிபி டிஸ்க், 127 ஜிபி கணக்கு: பழைய கம்ப்யூட்டருக்கு எந்த வழி?

2001 வாக்கில் வந்த பென்டியம் மெஷினில் 250 ஜிபி ஐடிஇ (அகலமான பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) டிஸ்க்கை மாட்டி, விண்டோஸ் எக்ஸ்பி 232 ஜிபி என்று காட்டினால் கவலை வேண்டாம். கம்பெனி 1000-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ஐ வைத்துப் போடுகிறது, அவ்வளவுதான். 127-லேயே நின்றால்தான் கோளாறு. பழைய ஐடிஇ முறையில், டிஸ்க்கின் சிறு துண்டான செக்டாரின் எண்ணுக்கு 28 பிட் மட்டுமே. செக்டாருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் 137.4 ஜிபியோடு எண் தீர்ந்துவிடும். விண்டோஸ் தன் 1024 கணக்கில் அதைத்தான் 127 என்று காட்டும். 48 பிட் முறை 2002-ல் ஏடிஏ-6 தரத்தோடுதான் வந்தது.

செலவு செய்யும் முன், விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸின் திரையைப் பாருங்கள். அங்கே முழு அளவும் தெரிந்தால் குறை விண்டோஸில். எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்பைப் போட்டாலே போதும். அது இல்லாத எக்ஸ்பியில், வேறு மெஷினில் முழுசாகப் பார்ட்டிஷன் போட்ட டிஸ்க்கை மாட்டாதீர்கள். 137-ஐத் தாண்டி எழுத வேண்டியது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும். டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் டேபிளே அழியலாம்.

பயாஸே 137 என்றால், முதலில் தோன்றுவது பயாஸ் அப்டேட். காசில்லை. ஆனால் போர்டின் ரிவிஷன் வரை பொருந்தும் ஃபைல் கிடைக்க வேண்டும், பாதியில் கரண்ட் போனால் போர்டு அம்பேல். யுபிஎஸ் இல்லாத வீட்டில் நான் தொடமாட்டேன்.

என் ஓட்டு, மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகும், 48 பிட் தெரிந்த ஐடிஇ கார்டுக்கு. அதிலேயே தனி பயாஸ் இருப்பதால் மதர்போர்டின் கணக்கு குறுக்கே வராது. எக்ஸ்பியை அந்த டிஸ்க்கிலேயே நிறுவுவதென்றால் F6 அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் தொல்லை.

டிஸ்க்கின் தொடக்கத்தில் உட்கார்ந்து பயாஸின் வரம்பைத் தாண்டவைக்கும் ஓவர்லே மென்பொருளும் உண்டு. வேண்டவே வேண்டாம். வேறு சிடியிலிருந்து பூட் செய்தால் பார்ட்டிஷன் குழம்பித் தெரியும், டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டினாலும் அதே கதை.

பேக்கப் மட்டும்தான் என்றால், டிஸ்க்கை உள்ளே வைத்து வெளியிலிருந்து இணைக்கும் யுஎஸ்பி பெட்டி சரி. ஆனால் போர்டில் யுஎஸ்பி 1.1 இருந்தால் நொடிக்கு ஒரு எம்பி வருவதே பெரிது. 100 ஜிபி நகர ஒரு நாளுக்கு மேல் ஆகும். ரொம்பப் பழைய பெட்டி என்றால் அதன் சிப்பும் 137-ல் முட்டும்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் 32 ஜிபி என்று மட்டும் காட்டுகிறதா? மேலே சொன்ன எதுவும் தேவைப்படாமல் போகலாம். பழைய பயாஸுக்காக யாரோ போட்ட அளவு குறைக்கும் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் தொப்பி) பின்பக்கம் இருக்கும். லேபிளில் உள்ள படத்தைப் பார்த்துக் கழற்றிவிடுங்கள்.